தாத்தா போன தீவு, நாங்கள் போகும் தீவு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தீவில் தங்கியவர் தாத்தா. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சர்க்கார் செலவு. 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, டெக்கில் சுருண்டு படுத்து, சிங்கப்பூர் வந்து சேர்ந்தவரை நேரே ஊருக்குள் விடவில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கினார்கள். கட்டியிருந்த துணியை வாங்கி ஆவியில் வேகவைத்து, மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொல்லி, அம்மை குத்தி, காய்ச்சல் வருகிறதா என்று காத்திருந்து, அப்புறம்தான் விட்டார்கள். 1874 முதலே அந்தத் தீவு காலராவையும் அம்மையையும் தடுத்து நிறுத்தும் இடம். தாத்தா அங்கே கடலைப் பார்த்தபடி என்ன யோசித்தார் என்று தெரியாது. ஜொகூரில் ரெங்கத்துப் பால்மரக் காட்டுக்கு வந்த பிறகு அவருக்கிருந்த ஒரே ஆறுதல், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் கண்ணில் படாது என்பதுதான்.

அதே தீவில் பிறகு அரசியல் கைதிகளை வைத்தார்கள். அங்கே இருந்த தேவன் நாயர் 1981-ல் சிங்கப்பூர் அதிபராகவே ஆகிவிட்டார். 1975-ல் அது விடுமுறைத் தீவானது. 2014-ல் சிங்கப்பூர் அறிவித்த முதல் கடல் பூங்காவில் அதன் மேற்குப் பக்கத்துப் பவளத்திட்டுகளும் சேர்ந்துகொண்டன. தாத்தா எப்போது விடுவார்கள் என்று காத்துக் கிடந்த இடத்துக்கு, இப்போது டிக்கெட் எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் காலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. தோட்டத்து லோரியில் வருஷத்துக்கு ஒருமுறை கடல் பார்க்கப் போவோம். திட்டம் போடுவது என்ற பேச்சே கிடையாது. சனிக்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் சொல்வார். ஞாயிறு விடியும் முன் லயத்து வாசலில் லோரி நிற்கும். ஏறியவர்கள் போவார்கள், தூங்கியவர்கள் தூங்குவார்கள். குளுவாங், காஹாங், ஜெமாலுவாங் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் நின்றுகொண்டே போய் மெர்சிங்கில் இறங்குவோம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை, காய்ந்த கருவாட்டுப் பொரியல். பெண்கள் புடவையை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பார்கள். பிள்ளைகள் அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் முதுகில் அறை விழும். தூரத்தில் நீலமாய்த் தீவுகள் தெரியும். "அங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் வந்து குளிப்பானாம். உனக்கென்ன, சோத்தைத் தின்னு" என்பார் அம்மா.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த நாளில் பள்ளிக்கூடத்தின் நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பரில் வரும். கிழக்குக்கரையில் வாடைப் பருவம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். படகோட்டிகள் கரையேறிவிடுவார்கள், தீவு விடுதிகளில் பாதிக்கு மேல் பூட்டு. இங்கே தோட்டத்திலும் மழையில் பாலுக்கு மரம் வெட்ட முடியாது, சம்பளம் விழாது. அதாவது, நேரம் இருந்தபோது காசும் இல்லை, கடலும் இல்லை.

இந்த வருஷம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினாள். அவளுக்கு சிங்கப்பூரில் வேலை. எந்தத் தீவுக்குப் போவது, தியோமானா, ராவாவா, சிபுவா என்று வாக்கெடுப்பு நடந்தது. படகு கிளம்பும் மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் வற்றினால் பெரிய படகு வெளியேற முடியாது. ஆகையால் ஏற்றவற்ற நேரம் பார்த்துத்தான் படகுக்கு மணி குறிப்பார்களாம். அதற்கொரு அட்டவணை, அறைக்கொரு அட்டவணை, யாருக்கு நீச்சல் தெரியும் என்பதற்கு இன்னொன்று. கடைசி அட்டவணையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அத்தான் மூன்றையும் திறக்கவில்லை. தியோமான் வரியில்லாத் தீவு என்று யாரோ சொன்னதும் முதல் ஆளாக வாக்குப் போட்டார். படகேறுவது ஜொகூரில், இறங்குவது பகாங்கில் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

போன மாதம் ஒத்திகை நடந்தது, எங்கள் வீட்டு ஹாலில். தண்ணீருக்குள் பார்க்கப் போடும் முகக்கண்ணாடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. எனக்கு நின்றது. அத்தானுக்கு மட்டும் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. காரணம் மீசை. ரோமத்தின் இடுக்கில் காற்று புகுந்தால் தண்ணீரும் புகும். மழித்துவிடுங்கள், இல்லையென்றால் வாஸ்லின் தடவுங்கள் என்றாள் அக்கா மகள். அவர் வாஸ்லினைத் தேர்ந்தெடுத்தார். முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு முறுக்கி விடுகிற மீசை அது.

கண்ணாடி உள்ளே பனிக்காமல் இருக்க எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவள் செய்து காட்டியதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. திருஷ்டி கழிக்க எங்கள் எல்லார் மேலும் மூன்று தடவை துப்பியவர் அவர். "இதத்தான நான் அன்னைக்கே செஞ்சேன்!" என்றார். பிறகு அவள் நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு வாங்கிய முழுக்கைச் சட்டையைத் தடவிப் பார்த்தார். வெயில் சுடாமலும் பவளம் கிழிக்காமலும் இருக்க, உடம்பை மூடுகிற சட்டை. அம்மா இருபது வருஷம் கொசுவுக்குப் பயந்து புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு மரம் வெட்டிய பழைய முழுக்கைச் சட்டைக்கும் இதற்கும் விலையைத் தவிர பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அன்று அதைப் போட்டவர்களைப் பட்டணத்தில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

தாத்தாவின் பயம் என் தலைமுறையில் முட்டியளவுத் தண்ணீர்வரை இறங்கியது. அக்கா மகள் தலைமுறையில் காணாமலே போய்விட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். வருத்தமெல்லாம் வேறு. நாங்கள் கரையில் நின்று பார்த்த நாளில் அடியில் இருந்த பவளம், இவர்கள் தண்ணீருக்குள் தலையை விடும்போது அப்படியே இருக்குமா என்பது சந்தேகம். 2010-ல் கடல் சூடேறி, பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போனபோது, தியோமானில் சில இடங்களை அரசாங்கமே மாதக்கணக்கில் மூடி வைத்தது. 2024-லும் வெளுத்தது. நம்மிடம் காசு சேர்ந்த நேரம் பார்த்துக் கடலுக்குக் காய்ச்சல்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போய்விடுங்கள். படகு நேரத்தை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பைக் குறைத்து முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆக்ஸிபென்சோன் கலந்த களிம்பை விற்கவே ஹவாயில் 2021 முதல் தடை. முக்கியமாக, களைத்துப்போனால் பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும்.