கிழமைப் பாடல்களில் புதனுக்கு இழைக்கப்பட்ட அநீதி: ஓர் ஆய்வு

மேற்கத்திய வெகுஜனப் பாட்டில் வாரத்துக்கு நான்கு நாள்தான்: திங்கள், வெள்ளி, சனி, ஞாயிறு. மீதி மூன்றும் நாட்காட்டியில் உண்டு. இசைத்தட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம் என்ன? கிழமைப் பாட்டுக்கு மூலப்பொருள் அலுவலக வருகைப் பதிவேடு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முதல் சான்று திங்கள். 1966-இல் மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் குழு 'மண்டே, மண்டே' என்று அலுத்துக்கொண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1971-இல் கார்ப்பெண்டர்ஸ் மழை நாளையும் திங்கட்கிழமையையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள். நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும். அது வெளியான 1983 மார்ச் 7-ஆம் தேதியும் திங்கள்தான். குற்றவாளியை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள்.

இத்துறையின் மிகச் சிக்கலான வழக்கு 'மேனிக் மண்டே'. திங்கட்கிழமை காலை அவசரத்தைப் பற்றிய இப்பாட்டை எழுதியவர் பிரின்ஸ். 'கிறிஸ்டோபர்' என்ற புனைபெயரில் அதைத் தி பேங்கிள்ஸ் குழுவுக்குக் கொடுத்தார். 1986-இல் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி நின்றுவிட்டது. முதலிடத்தில் வழிமறித்துக்கொண்டிருந்தது 'கிஸ்'. அதைப் பாடியவரும் பிரின்ஸ்தான். திங்கட்கிழமையை முன்னேற விடாமல் தடுப்பதில் மனிதகுலம் எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

வெள்ளியின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் ஈஸிபீட்ஸ் 1966-இல் பாடிய 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்', திங்களிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வரும் தொழிலாளியின் பாட்டு. 1992-இல் வந்த தி க்யூரின் 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' பதிவில் நாடாவின் வேகம் கொஞ்சம் கூடிப்போய், சுருதி கால் கட்டை ஏறிவிட்டது. வார இறுதி நெருங்கினால் இயந்திரத்துக்கும் உற்சாகம் வரும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

சனியைப் பொறுத்தவரை பீட்டில்ஸ் கணக்கில் ஒரு குளறுபடி உண்டு. 1964-இல் வாரத்துக்கு எட்டு நாள் என்று பாடியவர்கள், 1968-இல் 'லேடி மடோனா'வில் கிழமைகளை வரிசையாகச் சொல்லும்போது சனியை விட்டுவிட்டார்கள். பால் மெக்கார்ட்னிக்கே அது பிற்பாடுதான் உறைத்தது. நான்கே ஆண்டில் வாரத்துக்கு இரண்டு நாள் பற்றாக்குறை!

ஞாயிறு விடுமுறை, ஆகவே குதூகலமாக இருந்தாக வேண்டும். ஆனால் ஹங்கேரியின் ரெஜோ ஷெரெஷ் 1933-இல் இசையமைத்த 'க்ளூமி சண்டே' கருதுகோளையே ஆட்டிவிடுகிறது. பில்லி ஹாலிடே பாடிய வடிவம் போர்க்கால மன உறுதியைக் குலைக்கும் என்று 1941-இல் பிபிசி அதை ஒலிபரப்பாமல் நிறுத்தியது. தடை நீங்க 2002 ஆனது. கருதுகோளைக் காப்பாற்ற ஒரே வழி, ஞாயிறு மாலை ஆறு மணிக்குமேல் திங்கள் என்று அறிவித்துவிடுவது. அவ்வாறே அறிவிக்கப்படுகிறது.

இனி நடுவாரம். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ரூபி டியூஸ்டே' ஒரு பெண்ணின் பெயர். சாட்சியாக ஏற்க முடியாது. வியாழனுக்கு 1999-இல் டேவிட் போவி ஒன்று கொடுத்தார். புதனின் நிலைதான் பரிதாபம். சைமனும் கார்ஃபங்கலும் 1964-இல் தம் முதல் இசைத்தொகுப்புக்கே 'வெட்னெஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.' என்று பெயரிட்டார்கள். விற்கவில்லை; இருவரும் பிரிந்தே போனார்கள். அதே தொகுப்பிலிருந்த 'சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்', மின் கிதார் சேர்த்துத் தனித்தட்டாக வந்து 1966-இல் முதலிடம் பெற்றது. உறையில் புதன் என்று போடாததுதான் வித்தியாசம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லும் நம் ஊருக்கு இது புரியவே புரியாது.

ஏழு நாளுக்கும் பாரபட்சமில்லாமல் பாட்டு எழுதிய ஒருவரைக் காண திருவாரூருக்குத்தான் வர வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் வார கீர்த்தனைகளில் சூரியன் முதல் சனி வரை ஆளுக்கொரு ராகம். சூளாதி தாளங்கள் ஏழும் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. ராகு, கேதுவுக்குக் கிழமை இல்லை. அவர்கள் இவ்வாய்வின் வரம்புக்கு வெளியே. புதனுக்கு நாட்டக்குறிஞ்சி, மிச்ர ஜம்பை. தீட்சிதர் எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போட்டு வேலை பார்த்தவரல்லர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

முடிவை மறுக்க விரும்பும் இசையமைப்பாளர்கள் நல்ல புதன்கிழமைக் குத்துப்பாட்டு ஒன்றோடு வரலாம். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.