அம்மிக்கு வந்த வேலை

‘ஐந்து விளையாட்டுக்கு ஒரே வலை’ என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. கூடவே ஒரு படம். அதில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று புல்வெளியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு வாய்த்தது சென்னை அடுக்ககத்தின் மொட்டை மாடி. துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, டிஷ், மாமிகளின் வடாம் போக மிச்சமிருந்த இடம்தான் மைதானம்.

பேட்மின்டன் வலை கம்பத்தருகே 1.55 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். டென்னிஸ் வலைக்கு நடுவில் 91.4 சென்டிமீட்டர் போதும். ஆண்கள் வாலிபால் என்றால் 2.43 மீட்டர். எங்கள் கம்பம் எவ்வளவு இழுத்தாலும் என் மூக்குக்கு மேல் வளர மறுத்தது. ஆக, வாலிபால் போயிற்று. மாடியில் டென்னிஸ் ஆடினால் அடுத்த தெருவில்தான் பந்து பொறுக்க வேண்டும், அதுவும் போயிற்று. ஐந்தில் இரண்டு இப்படிக் கணக்கிலேயே கழிந்தன.

மிஞ்சியதில் பேட்மின்டனைப் பிடித்தோம். இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் சொச்சம். சாயங்காலக் கடற்காற்றோ அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. என் மகன் கிழக்கே அடித்த பந்து திரும்பி அவன் தலைக்கு மேலேயே மேற்கே பறந்தது. பின்னாலேயே வலையும் கிளம்பியது. கம்பத்துக்குப் பாரம் வேண்டுமே! மிக்ஸி வந்த நாள் முதல் சும்மா கிடந்த அம்மியை ஒரு காலிலும் ஆட்டுக்கல்லை மறுகாலிலும் ஏற்றினோம். எடுத்துச் செல்லக்கூடிய வலை என்ற பேச்சு அன்றோடு நின்றது. “அரைக்கத்தான் ஆள் இல்லை, விளையாடவாவது உபயோகப்படுதே” என்றார் அம்மா.

கிரிக்கெட்டுக்குத் தனியாக இன்னொரு வலை வந்தது. பையிலிருந்து எடுத்து உதறினால் மூன்று நொடியில் கூடாரமாக விரியும் ரகம். பந்து அதற்குள்ளேயே அடங்கிவிடும். அங்கேதான் சிக்கல். மாடி கிரிக்கெட்டின் சுவையே பந்து அடங்காததில் இருக்கிறது. சுவரைத் தாண்டினால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும், கீழ் வீட்டு மாமா பந்தைத் தருவாரா மாட்டாரா என்பதற்குத் தனிப் பந்தயம். வலைக்குள் சண்டை போட ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் மட்டையை வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். மேற்கு மாம்பலத்துத் தெருவில் ஆடி வளர்ந்த அஷ்வின்கூடத் தன் சுயசரிதையின் தலைப்பில் தெருவைத்தான் வைத்தார், வலையை அல்ல. ஆஸ்திரேலியாவின் பவுரலில் சிறுவன் பிராட்மேன் பயிற்சி எடுத்ததும் ஒரு ஸ்டம்ப்பையும் கோல்ஃப் பந்தையும் வைத்துக்கொண்டுதான். பந்தைத் திருப்பி அனுப்பியது தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவர். தொட்டி எங்களிடமும் இருக்கிறது. பந்து பட்டால் சங்கத்துச் செயலாளர் வருகிறார்.

விரிப்பது மூன்று நொடி என்றேனல்லவா? மடிப்பதைப் பற்றிப் பெட்டி வாய் திறக்கவில்லை. உள்ளே இருப்பது ஸ்பிரிங் கம்பி. அதை எட்டு வடிவத்தில் முறுக்கி, ஒரு வளையத்தை மற்றதன் மேல் கவிழ்க்க வேண்டுமாம். வீடியோவில் ஒருவர் கைக்குட்டையை மடிப்பது போல முடித்துவிட்டுச் சிரிக்கிறார். இங்கே நான் ஒரு முனையைப் பிடிக்க, மகன் நடுவில் ஏறி உட்கார, மனைவி “ஏங்க, உங்க பக்கம் விட்டுடாதீங்க!” என்று கத்த, வலை மட்டும் உற்சாகமாக மறுபடி விரிந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் தோள்வலி. ஐந்து விளையாட்டிலும் கிடைக்காத உடற்பயிற்சியை இந்த ஆறாவது கொடுத்துவிட்டது என்பதே என் தீர்ப்பு.

யாருக்காவது வலை வேண்டுமென்றால் தாராளமாக வந்து எடுத்துக்கொண்டு போங்கள். விரித்தபடியேதான் தருவேன். லாரி பிடித்துக்கொண்டு வாருங்கள்.