உங்க தலைவருக்கு மூப்பு இருக்காம்ல

ஏம்பா பேராண்டி, உங்க தலைவர் நாலு தடவை ஜெயிச்சவராம், சபையிலேயே மூத்தவராம், அதனால மேயர் நாற்காலி அவருக்குத்தான்னு டீக்கடையில சத்தியம் பண்றியாமே! பண்ணு, பண்ணு. டீக்கடைச் சத்தியத்துக்கு எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் கிடையாது.

ஆனா பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியில மூப்புக்கு மேயர் பதவின்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலையேப்பா. ரெண்டரை வருஷப் பதவி அது. எந்தப் பிரிவுக்குன்னு மும்பையில சீட்டு குலுக்குவாங்க. 2019 நவம்பர்ல பொதுப்பிரிவுப் பெண்ணுக்குன்னு விழுந்துச்சு, நம்ம சாங்வி ஏரியா உஷா டோரே அம்மா மேயரானாங்க. கொரோனாக் காலம் பூரா அவங்கதான். நரைச்ச மீசைக்காரங்களுக்கு அன்னிக்கு ஓட்டுப் போடுற வேலை மட்டும்தான்.

சரி, மேயர் போகட்டும். காசு விவகாரமெல்லாம் நடக்குற நிலைக்குழுவுல 16 பேர். வருஷத்துக்குப் பாதிப் பேர் இறங்கணும். முதல் வருஷம் எந்த எட்டுப் பேர் இறங்குறது? மூத்தவர் இருக்கட்டும், இளசு போகட்டும்னு நெனச்சியா? அதுக்கும் சீட்டுதான் ராசா.

இப்ப வார்டுக்கு வா. 2007ல வார்டுக்கு ஒருத்தர். 2012ல ரெண்டு பேர். 2017ல நாலு பேர். 32 பிரபாக், அதாவது வார்டு. 128 நகர்சேவக், அதாவது கவுன்சிலர். 2022 மார்ச்சுல பதவிக்காலம் முடிஞ்சு, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நாலு வருஷம் தேர்தலே இல்லாம அதிகாரி ஆட்சி. 2026 ஜனவரியில திரும்பவும் நாலு பேர். எல்லையை மாத்தி மாத்தி வரைஞ்சா, உங்க தலைவர் சாக்கடை கட்டிக் கொடுத்த தெரு இன்னொருத்தன் பிரபாகுல போய்ப் படுத்துக்கும். அதே தெரு கையில இருந்தாலும், அ, ப, க, டன்னு நாலு இடத்துல எது யாருக்குன்னு குலுக்கல். பாதி பெண்களுக்கு. போன தடவை நின்ன எழுத்து இந்தத் தடவை அம்மாக்களுக்குன்னு வந்துட்டா மூத்தவர் என்ன பண்ணுவார்? வீட்டுக்குள்ள எட்டிப் பார்ப்பார்.

அதான் கேக்குறேன், நாலு தடவை ஜெயிச்சார்ங்கிறியே, அதுல ரெண்டு தடவை நின்னது யாரு? உங்க அண்ணியாச்சே! ஜெயிச்சது அந்தம்மா, மூப்பு இவருக்கு. குலுக்கல் தனியாளோட மூப்பைத்தான் கலைச்சுது. அது நைசா நகர்ந்து குடும்பத்துமேல ஏறி உக்காந்துக்கிச்சு.

எங்க உத்திரமேரூர்க்காரன் இதைக் கண்டுக்கிட்டவன்டா. கோயில் சுவத்துல வெட்டி வச்சிருக்கான், பராந்தக சோழன் காலம், 921. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னான். வயசு 35க்குக் குறையக் கூடாது, 70ஐத் தாண்டக் கூடாது. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் பேரே குடத்துக்குள்ள போகாது. மூப்புதான் அங்க குத்தம்! கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனோட மகன், மாமனார், மருமகன், மச்சான், சித்தி பெரியம்மா பிள்ளைங்க வரைக்கும் ஆகாதுன்னு பட்டியல் போட்டான். உங்க தலைவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கூட அவ்வளவு நீளம் இருக்காது. அது பிராமணர் சபை, நம்மள வாசல்லயே நிறுத்தியிருப்பான், பொம்பளைங்களுக்கும் இடமில்லை. அந்த மட்டுக்குச் சாங்விதான் தேவலை.

சரி, கோவிச்சுக்காத. தலைவருக்குப் பொறந்தநாள் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போறியாமே? அவர் படத்தை ஓரமாப் போட்டுட்டு, பக்கத்துல மூணு படத்துக்கு இடம் விட்டு வை. போற வழியில மருமக பேரையும் சரியாக் கேட்டுக்க. மராட்டியில எழுத்துப் பிழை வந்துச்சுன்னா அந்தம்மா மறக்க மாட்டாங்க.