அடுப்படிக்கும் ஒரு விடுமுறை

கேள்வி: ஊரே காணும் பொங்கல் கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் பாத்திரப் பொங்கல்! பண்டிகை முடிந்தால் பெண்களுக்கு ஓய்வு தரும் ஊர் எங்காவது உண்டா?

– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. அயர்லாந்தில் ஜனவரி 6, 'பெண்களின் கிறிஸ்துமஸ்'. கார்க், கெர்ரி பக்கம் ரொம்பப் பிரசித்தம். கிறிஸ்துமஸ் முழுக்க வடித்துக் கொட்டியவர்கள், அன்று தோழிகளோடு தேநீரும் கேக்குமாக உட்கார்ந்துவிடுவார்கள். சமையல், பிள்ளைகள், கரிபிடித்த அடுப்பு எல்லாம் ஆண்கள் பாடு.

இங்கே? 2019-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது தினம் 299 நிமிடம், ஆண்கள் 97. அதுவும் வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்தால்! காணும் பொங்கலுக்குக் கடற்கரை போவதென்றாலும், விடியற்காலையில் புளியோதரை கிளறுவது நீங்கள்தானே? அடுத்த தையில் அவர் கிளறட்டும். உப்பு கூடினாலும் பரவாயில்லை, திரும்பி வந்து அந்தத் தூக்குச்சட்டியையும் அவரே தேய்க்கட்டும்.