அறுபது கிலோ கோப்பையைத் தூக்குவது எப்படி?

பக்கத்து ஊரில் நோம்பிக்குப் பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டாயிற்று. கோயில் மைதானத்தில் ராத்திரி கபடி என்று ஃப்ளெக்ஸும் கட்டிவிட்டார்கள். ஓப்பன் ஒரு பிரிவு, 60 கிலோ ஒரு பிரிவு. உங்கள் ஊர் டீமுக்கு நீங்கள்தான் மேனேஜர். வாழ்த்துகள். கோப்பை உங்களுக்குத்தான். கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியைப் போன வருஷமே செய்துவிட்டீர்கள். மீதியைக் கொஞ்சம் பட்டை தீட்டிக்கொள்வோம்.

1. முதலில் பிரிவைப் பிடியுங்கள், டீமை அப்புறம் பார்க்கலாம்.

ஓப்பனில் இறங்காதீர்கள். சீனியர் ஆண்கள் கபடியில் எடை உச்சவரம்பு 85 கிலோ. அந்த எடைக்காரன் ஒருத்தன் கணுக்காலைப் பிடித்தால் உங்கள் ஆள் நோம்பி முடியும்வரை நொண்டுவான். 60 கிலோவைப் பாருங்கள். அதை எதற்கு வைத்தார்கள்? பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் பார்க்க ஆடிப் பழகட்டும் என்று. அதாவது எதிரில் வந்து நிற்கப்போகிறவன் பழகாதவன். ஒரு மேனேஜர் காதில் விழக்கூடிய செய்திகளில் இதைவிட இனிப்பானது உண்டா?

கூச்சப்படாதீர்கள், உலகமே செய்கிறது. அமெரிக்காவில் சியர்லீடிங்கைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். 1 முதல் 7 வரை படிநிலை உண்டு. மேல்படியில் அந்தரத்தில் சுழல்கிற பெண்ணைக் கீழ்ப்படி டீமில் இறக்கிக் கோப்பை வாங்குவதற்கு அங்கே ‘மணல்மூட்டை’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. “ஆள் எடுக்கறது” என்போம், களை எடுக்க ஆள் எடுக்கிற மாதிரி.

2. ஆள் எடுங்கள்.

ஏழு பேர் வேண்டும். ஐந்து பேரை வெளியிலிருந்து எடுங்கள்: ரெய்டர் இரண்டு, இரண்டு கார்னர், ஒரு கவர். காலையில் மேட் விரித்து பிராக்டிஸ் எடுப்பவனாக, மாவட்ட டீம் டிராக் சூட்டை வீட்டில் மடித்து வைத்திருப்பவனாகப் பாருங்கள். உடம்பு ஒல்லியாக இருக்க வேண்டும், ஆட்டம் பெருத்திருக்க வேண்டும். பஸ் செலவு, ராத்திரி புரோட்டா, கைச்செலவுக்கு ஒரு தொகை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், அவன் கணக்கில் உங்களைவிடக் கெட்டிக்காரன்.

மீதி இரண்டு இடத்தை ஊருக்கு விட்டுக்கொடுங்கள். பெருந்தன்மை வேண்டும் இல்லையா? ஒன்று தலைவர் மகனுக்கு. இன்னொன்று டீமுக்கு பனியன் அடித்துக் கொடுத்த திருப்பூர்க்காரரின் மச்சானுக்கு.

3. வந்தவனுக்கு ஊரில் ஒரு பெயர் வையுங்கள்.

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். லிஸ்டில் உங்கள் ஊர்ப் பையன் பிரகாஷின் பெயரும் ஆதார் ஜெராக்ஸும் இருக்கும். ஆட வந்தவன் வேறு யாரோ. கமிட்டி மேஜையில் டியூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

“பிரகாசு யாருங்க?”

யாரும் அசைய மாட்டார்கள். நீங்கள் வந்தவன் விலாவில் ஒரு இடி இடிப்பீர்கள்.

“நாந்தானுங்க.”

“யாரு ஊட்டுப் பையன் கண்ணு நீயி?”

அவன் உங்களைப் பார்ப்பான். நீங்கள் கம்பத்தைப் பார்ப்பீர்கள்.

“எங்க மாமன் ஊட்டுல இருந்து படிக்கிறானுங்” என்று உடனே எடுத்துவிடுங்கள். மாமன் ஊடு என்பது கொங்கு நாட்டின் ஆகப் பெரிய விடுதி. அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் தங்க வைக்கலாம், யாரும் போய் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. பெரியவருக்கும் தெரியும். அவர் ஊர் டீம் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது, அதுவும் தெரியும். டிக் அடித்துவிடுவார்.

நிஜமான பிரகாஷை அந்த நேரத்தில் மேஜைப் பக்கம் விடாதீர்கள். பெயரைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் “ஏனுங்” என்றுவிடுவான்.

4. வயது கேட்டால் பதறாதீர்கள்.

சில கமிட்டிகள் 18 வயதுக்குள் என்றும் போடும். மனிதனின் வயது காகிதத்தில் இருக்கிறது, காகிதம் உங்கள் பையில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் பிறந்ததாகப் பள்ளிக்கூடத்தில் எழுதி வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தத்திலேயே எண்ணிப் பாருங்கள். ஊரே வைகாசி வெயிலில்தான் பிள்ளை பெற்றதா என்ன? 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்று ஒன்றுதான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் கபடிக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை உங்கள் காலம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வித்தையை ரேக்ளா பந்தயத்தில் முயற்சி செய்யாதீர்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து ஓட்டுகிறார்கள். இளங்காளைக்குக் குறைந்த தூரம், முதிர்ந்ததற்குக் கூடின தூரம். வண்டி ஒவ்வொன்றாகத்தான் போகும், நொடியை நூறாகக் கூறு போட்டு நேரம் எடுப்பார்கள். ஓட்டுவதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக நிலைப்பல் முளைக்கும். முதல் ஜோடி இரண்டு வயது வாக்கில், எட்டும் சேர நாலு வயதுக்கு மேல். நாலு பல் மாட்டை இரண்டு பல் என்று சொல்லி ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், பக்கத்தில் நிற்கிற மாட்டு வியாபாரி சிரித்தே உங்கள் மானத்தை வாங்கிவிடுவார். காங்கேயம் காளைக்கு மாமன் ஊடும் கிடையாது.

மனிதனுக்கும் பல் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்வது. இளையோர் கிரிக்கெட்டில் பிசிசிஐ அதைத்தான் செய்கிறது. நோம்பிக் கமிட்டியிடம் எக்ஸ்ரே மெஷின் இல்லை. ஜெனரேட்டரும் மைக் செட்டும்தான் இருக்கின்றன.

ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பதிவை மட்டும் விட்டுவைக்காதீர்கள். 2001இல் நியூயார்க் பிராங்க்ஸில் டானி அல்மான்டே என்று ஒரு சிறுவன். 12 வயதுப் பையன்களின் பேஸ்பால் உலகத் தொடரில் பந்தெறிந்து எல்லோரையும் திணறடித்தான். பத்திரிகைக்காரர்கள் டொமினிகன் குடியரசு வரைக்கும் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார்கள். இரண்டு பதிவு, இரண்டு தேதி. பையனுக்கு 14. டீம் ஜெயித்ததெல்லாம் ரத்து. ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத அப்பாவால் வந்த வினை.

5. தராசைத் தாஜா செய்யுங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்த இறுதிக்கு வந்த வினேஷ் போகாட்டை 100 கிராம் கூடுதல் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அது பாரிஸ் தராசு. நம்முடையது மஞ்சள் மண்டியிலிருந்து இரவல் வந்தது. மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து மனசு விரிந்த தராசு.

உங்கள் ரெய்டர் ஏறுகிறான். சிவப்பு எழுத்தில் 61.3. சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். 61.1. இடுப்புக் கயிறு, வெள்ளிக் காப்பு, எல்லாம் போகட்டும். 61. “ஒரு ரவுண்டு ஓடிட்டு வா கண்ணு” என்பார் கமிட்டிக்காரர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டிராக் சூட்டை மாட்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிடுங்கள். வாயில் பபிள்கம். துப்பிக்கொண்டே ஓடினால் எடை இறங்கும் என்பது நம் பக்கத்து மருத்துவம். நேற்று மத்தியானத்திலிருந்து அவன் சாப்பிடவில்லை என்பதை அவன் அம்மாவிடம் சொல்லாதீர்கள். திரும்பி வந்து ஏறும்போது தட்டின் ஓரத்தில் நிற்கட்டும். நீங்கள் அன்பாக அவன் தோளைத் தாங்கிக்கொள்ளுங்கள். 59.9.

அரை மணி கழித்து அவன் இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு பிரியாணியும் உள்ளே தள்ளியிருப்பான். அதை நிறுத்துப் பார்க்கத் தராசு இருக்காது, மண்டிக்காரர் எடுத்துப் போயிருப்பார்.

6. ஓவராக ஜெயிக்காதீர்கள்.

வாடகை ஆட்டக்காரனுக்குப் பாடுவது தெரியும், நிறுத்துவது தெரியாது. 30 விநாடி ரெய்டு ஒன்றில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். எதிர் டீம் மொத்தமாக வெளியேறி, லோனாவுக்கு இரண்டு பாயிண்ட் வேறு சேரும். 45க்கு 8 என்று முடிந்தால் கூட்டம் கைதட்டாது, யோசிக்கும். பதினைந்து பாயிண்ட் முன்னால் போனதும் அவனை ஒருமுறை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒல்லியான ஒரு பதினோராம் வகுப்பு அவன் தொடையைக் கட்டிப்பிடிப்பான். இழுத்து இழுத்து, கோட்டை எட்டாமல், விழட்டும். அந்தப் பையன் எழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துவான். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். உங்களால் அவனுக்குக் கிடைத்தது.

ஜெயித்த பிறகும் அடக்கம் வேண்டும், அது இல்லாமல் கெட்டவர்கள் உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. 12 பேர் டீமில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை. அவர்களில் ஒருவர் வேவு பார்க்கப் போன பத்திரிகையாளர். ஸ்பெயினில் ஜெயித்த டீமின் படத்தைப் பேப்பரில் போட, பார்த்தவர்களுக்கு முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ள நிஜமான வீரர்களுக்கு அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் இடமில்லை, 2012 லண்டனில்தான் மறுபடி சேர்த்தார்கள். இதில் உங்களுக்கான பாடம், வாட்ஸப் ஸ்டேட்டஸில் குரூப் போட்டோ போடாதீர்கள். கோப்பையை மட்டும் தனியாகப் படம் எடுங்கள்.

7. இதை அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோங்கள்.

நீங்கள் பி.டி. சாராகவோ தாளாளராகவோ இருந்தால் இது உங்களுக்கு. 14, 17, 19 வயது என்று பிரித்து, குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிற போட்டி. கடைசியில் கையில் வருவது சர்டிபிகேட். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 விழுக்காடு. அப்படிப்பட்ட காகிதத்தை உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஃபீஸ் கட்டிப் படிக்கிறவனுக்கா கொடுப்பீர்கள்? மூன்று மாவட்டம் தள்ளி ஒருத்தனைப் பாருங்கள். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், தினம் இரண்டு முட்டை. நோட்டீசில் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு அட்மிஷன் பிடியுங்கள். உங்கள் விளையாட்டுப் பயிற்சியைப் பார்த்து மயங்கி இன்னும் நூறு பேர் சேருவார்கள். அந்த நூறு பேருக்கும் பி.டி. பீரியடில் கணக்கு நடத்துங்கள்.

8. உங்கள் சொந்தப் பையன்களை என்ன செய்வது?

இதுதான் எல்லோரும் கேட்கிற சந்தேகம். வருஷம் முழுக்கச் சாயங்காலம் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தி, 13 மீட்டருக்குப் 10 மீட்டர் சுண்ணாம்புக் கோடு போட்டு, முட்டி தேய ஆடினவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களைக் கழற்றிவிடாதீர்கள். ஆட்கள் தேவை. ஒருத்தன் வாட்டர் கேன். ஒருத்தன் வந்த ஆட்டக்காரர்களின் செருப்பையும் செல்போனையும் பார்த்துக்கொள்ள. ஒருத்தன் வீடியோ எடுக்க, முகம் தெரியாமல். பனியன் எல்லோருக்கும் கொடுங்கள், முதுகில் பெயர் போட்டு. பிரகாஷ் என்று எழுதினது மட்டும் இன்றைக்கு ஒருநாள் வேறொருத்தன் முதுகில் இருக்கும்.

பிரகாஷின் ஆத்தா சுருக்குப்பையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். மைக்கில் “பிரகாஷ் சூப்பர் ரெய்டு! மூணு பாயிண்ட்!” என்று கத்துவார்கள். ஆத்தா எட்டி எட்டிப் பார்க்கும். “நம்ம பிரகாசு எங்கடா சாமி?” என்று உங்களைக் கேட்டால், “அங்கதான் ஆடறானுங் ஆத்தா, வெளிச்சத்துல உங்களுக்குத் தெரியறதில்ல” என்று சொல்லுங்கள்.

“அடுத்த வருசம் எறக்கறன் மாப்ள” என்று பிரகாஷிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். போன வருஷமும் சொன்னதுதான். அடுத்த வருஷம் அவன் 64 கிலோ இருப்பான்.

9. ஆட்சேபணை வந்தால் முந்திக்கொள்ளுங்கள்.

இறுதி ஆட்டம் தொடங்க ராத்திரி இரண்டு மணி ஆகும். எதிர் டீம் மேனேஜர் மேஜைக்கு வந்து, “ஏனுங், இவங்கெல்லாம் உங்க ஊருப் பசங்களா?” என்பார். நீங்கள் அவர் பின்னால் நிற்கிற ஏழு பேரையும் மெதுவாகப் பாருங்கள். லெஃப்ட் கார்னரில் நிற்பவன் போன மாசம் உங்களுக்கு ஆடினவன். உங்கள் ரெய்டரும் அவனும் ஒரே ரூமில் தங்கியிருப்பவர்கள், ஒரே பைக்கில் வந்தார்கள், இறங்கும்போதே யார் ஜெயித்தாலும் பெட்ரோல் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டார்கள். எதிர் மேனேஜர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். “செரி, ஆடட்டுமுங்க.”

இப்போது மைதானத்துக்குப் பின்னால் ஒருமுறை போய்வாருங்கள், சோடியம் விளக்கு எட்டாத இடத்துக்கு. உங்கள் ஊர் வாட்டர் கேன் பையனும் அவர்கள் ஊர்ச் செருப்புப் பையனும் இன்னும் நாலைந்து பேரும் காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். பிரகாஷ் பாடிக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். அதட்டிக் கூப்பிடுங்கள். கோர்ட்டில் புழுதி கிளம்புகிறது, தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்.