ஒரு மணி ஐந்து நிமிஷம்

கிள்ளானில் பேத்திக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்த அன்று, “செனாயில ஏறினா ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல சுபாங், மாமா” என்று என் தங்கை மகன் கைபேசியை நீட்டிக் காட்டியதை வேதவாக்காக நம்பியது, முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போதித்த நான் செய்த பிழைகளுள் அக்கிரஸ்தானம் பெறத் தக்கது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் விமானமோ மணிக்கு 500 கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. ஆகவே 35 நிமிஷத்தில் முடிய வேண்டிய பிரயாணத்துக்கு 65 நிமிஷம் ஏன் என்ற சந்தேகம் அப்போதே எழத்தான் செய்தது. விசாரித்ததில், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசைந்த கணம் முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரை உள்ளதே அட்டவணைக் காலம் என்றும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், உயரம் ஏறுவதும், இறங்க முறை வரும்வரை வளைந்து திரிவதும் அதில் அடக்கம் என்றும் தெரிந்தது. என் வீட்டுக் கதவைப் பூட்டிய கணத்தைப் பற்றி அந்த அட்டவணைக்கு யாதொரு அக்கறையும் இல்லை.

எட்டு மணி விமானத்துக்கு விடியற்காலை ஐந்துக்கே புறப்பட்டோம். பாசிர் கூடாங்கிலிருந்து செனாய் போய்ச் சேரும்போது மணி ஐந்து ஐம்பது; அதிரச டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் சம்சாரம் இரண்டு முறை தூங்கி எழுந்தாள். ஆகாயத்தில் மட்டும் குறை சொல்ல இடமில்லை. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறப்பதற்குள் இறங்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பெட்டிக்கு இருபது நிமிஷம், கிள்ளான் சாலை நெரிசலுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். பத்து இருபதுக்கு நாங்கள் படியேறியபோது பேத்தி அழுது ஓய்ந்து, புதுத் தோட்டுடன் லட்டு தின்றுகொண்டிருந்தாள். இராப் பேருந்தில் வந்த என் மைத்துனர் குளித்து, திருநீறு பூசி, முதல் பந்தியும் முடித்திருந்தார்.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்குச் சமீபமான விமான நிலையம் செனாய் அன்று. ஜலசந்திக்கு அப்பால், 1928 முதல் பிரிட்டிஷ் விமானப் படைத் தளமாக விளங்கிய சிங்கப்பூரின் சிலேத்தார். சுபாங்கிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானங்கள் அங்கே மாறவிருந்த 2018 இறுதியில், அவை கருவியின் துணையால் இறங்கும் பாதை பாசிர் கூடாங்குக்கு மேலே அமைந்தால் இங்குள்ள கட்டடங்களின் உயரத்துக்கும் துறைமுக வேலைக்கும் கட்டுப்பாடு வரும் என்று மலேசிய சர்க்கார் ஆட்சேபித்து, மறு ஜனவரியில் எங்கள் ஆகாயத்தையே தடுப்பு வலயமாக்கிற்று. என் முருங்கை மரத்துக்கு மேலே இப்படியொரு சர்வதேசச் சொத்து இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2019 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டு, 22ஆம் தேதியன்று முதல் விமானம் அங்கே இறங்கியது. அதில் ஏற வேண்டுமானால், கடவுச்சீட்டுடன் பாலம் கடந்து, வேற்று நாட்டில் வரிசையில் நின்று, நான் மறுபடி தாய்நாட்டுக்கே பறந்து வர வேண்டும்.

அடுத்த மாதம் பேத்தியின் தம்பிக்கு மொட்டை. லார்கினில் இராப் பேருந்துக்கு ஜன்னலோரமாக இரண்டு சீட்டு வாங்கியாயிற்று.