கேளுங்கள், வழுக்காமல் சொல்கிறேன்

குளிர்கால ஒலிம்பிக்கை டிவியில் காட்டினாலும் காட்டினார்கள், வந்த கடிதங்களில் பாதி ஸ்கீ பற்றி! பங்குனியிலேயே கிரிவலப் பாதையில் கால் பொரிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கு ஆராய்ச்சி. சரி, கேட்டுவிட்டீர்கள். "பேர் போடாதீங்க, வீட்ல சிரிப்பாங்க" என்று சிலர் எழுதியிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

ஸ்கீ என்றால் என்ன?
*- வேட்டவலம் வாசகர்*

காலில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பலகை. விலையைக் கேட்டபிறகு பலகை என்று சொல்ல வாய் வராது.

இப்போது வரும் ஸ்கீ சாய்த்தாலே தானாகத் திரும்புகிறதாமே, எப்படி சார்?
*- பொறியியல் மாணவர், செங்கம்*

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் தம்பி காத்துக்கொண்டிருந்தேன். தீபத் திருவிழா ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதி மூலையில் திரும்புவதைப் பார்த்திருப்பாய். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் ஸ்டியரிங். ஒரு பக்கச் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துப் பிடித்து, மறுபக்கத்தை விட்டு, கட்டையை உருவி, மறுபடி கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து நிற்கும் அந்த ஆளை எவனும் எடுப்பதில்லை. (இதை எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அவர் இப்போதே சிவப்புப் பேனாவைத் தேடுகிறார்.)

பழைய ஸ்கீயும் இந்த ரகம்தான். 2 மீட்டருக்கும் மேல் நீளம், கிட்டத்தட்ட நேர்ப்பலகை. திருப்ப வேண்டுமென்றால் குதிகாலால் உதைத்து, பனியைச் சீவித் தள்ளிக்கொண்டு, மூச்சுப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஸ்கீயில் முட்டுக்கட்டை போடுகிறவன் வேலையையும் சவாரி செய்கிறவனே பார்த்துக்கொண்டான்.

புது ஸ்கீக்கு இடுப்பு உண்டு. முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். இந்த வளைவுக்கு சைடுகட் என்று பெயர். தட்டையாக வைத்தால் நேரே ஓடும். பக்கவாட்டில் சாய்த்தால், அகலமான முன்முனையும் பின்முனையும் முதலில் பனியைக் கடிக்கும். நடு இடுப்புக்கும் பனிக்கும் கொஞ்சம் இடைவெளி. மேலே நிற்கிறவரின் எடை அந்த நடுவை அழுத்த, பலகை வில்லாக வளையும். இரும்பு விளிம்பு எந்த வட்டத்தில் வளைந்திருக்கிறதோ அதே வட்டத்தில் பனியைக் கீறிக்கொண்டு ஓடும். இன்னும் சாய்த்தால் வட்டம் இன்னும் சுருங்கும். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, சிப் இல்லை, ஆப் இல்லை.

நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹைம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இடுப்பு வைத்த ஸ்கீயில் ஓடிக் காட்டியவர். ஆனால் அதன்பின் நூறு வருஷத்துக்கும் மேல் அந்த இடுப்பை ஆழமாகச் செதுக்கப் பெரும்பாலானோர் துணியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனத்தில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் துணிந்தார்கள். அதுவரை இடுப்பின் ஆழம் பக்கத்துக்குச் சுமார் 7 மில்லிமீட்டர். இவர்கள் அதைச் சுமார் 22 ஆக்கினார்கள். எஸ்.சி.எக்ஸ். என்று பெயர் வைத்துச் சந்தையில் விட்டார்கள். சில வருஷங்களில் உலகத்து ஸ்கீ ஆலைகள் எல்லாமே இடுப்பு செதுக்க ஆரம்பித்தன. பந்தய வீரர்களோ ஸ்கீயைக் குட்டையாக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு குறுக்கிட்டு, "ஸ்லாலம் பந்தயத்தில் ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது" என்று கோடு போட்டது.

ஒன்றரை சென்டிமீட்டர் மரத்தைக் கூடுதலாகச் செதுக்கி எடுத்ததில் ஒரு விளையாட்டே மாறிப்போனது, தம்பி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 200 பக்கம் சேர்க்கிறாயே, அப்போது இதை நினைத்துக்கொள்.

ஸ்கீயில் டைட்டனல் போட்டிருக்கிறது என்கிறார்கள். டைட்டானியமா ஐயா?
*- பட்டு வியாபாரி, ஆரணி*

நீங்களா கேட்கிறீர்கள்? ஜரிகையைப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லுகிற ஊர்க்காரர்! டைட்டனல் என்பது அலுமினியக் கலவை. ஆஸ்திரியாவில் செய்கிறார்கள். அரை மில்லிமீட்டர் கனத்தில் தகடாக மரத்தின் மேலும் கீழும் ஒட்டினால் ஸ்கீ முறுக்கிக்கொள்ளாமல், வேகத்தில் அதிராமல் ஓடும். நல்ல சரக்குதான். பெயர்தான் கொஞ்சம் மேக்கப்.

அலுமினியத்தை ஸ்கீக்குக் கொண்டுவந்து ஜெயித்த ஆள் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர். 1947-இல் முதல்முறை பனிச்சறுக்கப் போனார். சரியாக வரவில்லை. ஆடத் தெரியாதவர் பழமொழியில் கூடத்தைத்தானே குறை சொல்வார்? இவர் பலகையைக் குறை சொன்னார். கூடவே, சொன்னது சரி என்றும் நிரூபித்துவிட்டார். சீட்டாட்டத்தில் ஜெயித்த 6,000 டாலர்தான் முதல். விமானத்துக்குச் செய்வதுபோல் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தை ஒட்டி, உடைத்து உடைத்துப் பார்த்து, 1950 வாக்கில் விற்பனைக்கு விட்டார். பின்னாளில் டென்னிஸ் மட்டையின் தலையைப் பெரிதாக்கியவரும் இதே மனிதர்.

பெயர் மோகத்துக்கு இன்னொரு கதை. 1990-களில் கே2 என்ற நிறுவனம் ஸ்கீக்குள் பீசோ படிகம் வைத்தது. அதிர்வு மின்சாரமாக மாறி, மின்சாரம் செலவாகி, அதிர்வு அடங்கும். கேஸ் லைட்டரில் 'டிக்' என்று பொறி வருவதும் இதே விளைவால்தான். வேலை செய்வதைக் காட்ட ஒரு குட்டி விளக்கும் வைத்தார்கள். மலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் குனிந்து தன் காலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பானா என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் சேர்க்கிறோமே, அதில் கொஞ்சம் ஸ்கீயில் தடவினால் நன்றாக வழுக்காதா?
*- தண்டராம்பட்டு வாசகர்*

தடவலாம். குளிரில் கல்லாக உறைந்து, பனியைச் சேர்த்து அப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சாமி கும்பிட வசதியாக இருக்கும்.

ஆனால் கேள்விக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: ஸ்கீ ஏன் வழுக்குகிறது? 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் பனிக்குகையில் சோதித்தார்கள். உராய்வின் சூட்டில் பனி மேலாக உருகி, மெல்லிய நீர்ப்படலமாகி, அதன்மேல் ஸ்கீ ஓடுகிறது என்றார்கள். படலம் போதாவிட்டால் உரசும். மிஞ்சினால் அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்கீயின் அடியில் இருக்கும் பாலிஎத்திலீனில், கல் சக்கரத்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வரிகளைக் கீறுகிறார்கள். உலர்ந்த குளிர்ப்பனிக்கு மெல்லிய வரி, ஈரப்பனிக்கு ஆழமான வரி. மேலே மெழுகு.

பந்தயக்காரர்கள் ஃப்ளோரின் கலந்த மெழுகு தடவிப் பறந்தார்கள். அந்த வேதிப்பொருள் பனி உருகியதும் மண்ணுக்கும் நீருக்கும் போய், மக்காமல் உட்கார்ந்துகொள்கிறது. 2023-24 பருவத்திலிருந்து முழுத் தடை. அந்த அக்டோபரில் சோல்டன் பந்தயத்திலேயே நார்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெலின் ஸ்கீயில் கருவி ஃப்ளோரினைக் காட்ட, அவர் ஓட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் சொட்டு மெழுகுக்கு அங்கே கருவி வைத்து நிற்கிறார்கள். பாலாற்றங்கரையில் தோல் கழிவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது வந்தது பொறாமையா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சினிமாப் பாட்டில் பனியில் ஆடும் கதாநாயகிக்குக் குளிராதா?
*- போளூர் வாசகி*

கதாநாயகனுக்குத் தொப்பி, கோட்டு, கையுறை, மப்ளர். கதாநாயகிக்கு ஜார்ஜெட் சேலை. தமிழ் சினிமாவில் குளிர் ஆண்களை மட்டுமே தாக்கும் நோய், தாயே.

கிரிவலத்தை ஸ்கீயில் சுற்ற முடியுமா அண்ணே?
*- கல்லூரி மாணவர், கீழ்பென்னாத்தூர்*

கேலிக்குக் கேட்டிருக்கிறாய், ஆனால் முடியும். ரோலர் ஸ்கீ என்று ஒன்று இருக்கிறது. குட்டைக் கட்டை, முன்னும் பின்னும் சக்கரம், கையில் கோல். சமதளப் பனியில் ஓடும் வீரர்கள் கோடையில் தார்ச்சாலையில் இதில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அவர்களுக்கு ஒரு காலை நேரம். ஆனால் பெரும்பாலான ரோலர் ஸ்கீக்கு பிரேக் கிடையாது. பௌர்ணமி அன்று வந்துவிடாதே. வெறுங்காலே நகராத கூட்டம்.

பொலபொலவென்ற புதுப் பனியில் ஓட்டத் தனி ஸ்கீயா? ஏன்?
*- வந்தவாசி வாசகர்*

இறுகிய பனியில் கடிக்க வேண்டும், புதுப்பனியில் மிதக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர் வேலை. ஷேன் மெக்கான்கி என்ற சாகசக்காரர் அலாஸ்காவின் பனிமலையில் தண்ணீர்ச் சறுக்குப் பலகையையே கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். மிதந்தது! இவரே, நுனிகள் மேல்நோக்கி வளைந்த, இடுப்பே இல்லாமல் நடு பருத்த ஒரு ஸ்கீயை பாரில் கைதுடைக்கும் தாளில் வரைந்தார் என்பார்கள். 2002-இல் ஸ்பாட்டுலா என்ற பெயரில் வந்தது. நம்மூர் பாரில் அந்தத் தாளில் சுண்டலைத்தான் மடிக்கிறார்கள். இன்று விற்கும் பெரும்பாலான ஸ்கீயின் நுனி தூக்கலில் அந்த மனிதரின் கைவரிசை இருக்கிறது. 2009-இல் இத்தாலி மலையில் ஸ்கீயோடு குதித்தபோது இறந்தார்.

துபாயில் மச்சான் ஸ்கீ செய்கிறாராம். நம்பலாமா?
*- சேத்துப்பட்டு வாசகர்*

நம்பலாம். 2005 முதல் அங்கே ஒரு மாலுக்குள் 85 மீட்டர் உயரச் சரிவு இருக்கிறது. நம் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். வெளியே 45 டிகிரி வெயில், உள்ளே உறைபனி. மச்சான் அனுப்பும் போட்டோவில் அவர் நிற்கிறாரா, ஓடுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

குடும்பத்தோடு குல்மார்க் போகிறோம். வாடகை ஸ்கீயில் எதைக் கவனிக்க வேண்டும்?
*- வங்கி ஊழியர், திருவண்ணாமலை*

பலகையை விட்டுவிடுங்கள், பைண்டிங்கைக் கவனியுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பூட்டு அது. விழும்போது கால் முறுக்கிக்கொள்வதற்கு முன் கழன்றுவிட வேண்டும். எந்த விசையில் கழல வேண்டும் என்பதற்கு டின் எண் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், திறமை எல்லாவற்றையும் கேட்டுத்தான் அதைத் திருகுவார்கள்.

இங்கேதான் ஆபத்து. தமிழ்நாட்டில் எடையை உண்மையாகச் சொன்ன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அம்மா ஆறு கிலோ குறைப்பார். அப்பா சர்க்கரை வருவதற்கு முந்தைய எடையைச் சொல்வார். பையனோ திறமை என்ற கட்டத்தில் யூடியூபில் பார்த்ததை எல்லாம் சேர்த்து 'எக்ஸ்பர்ட்' என்பான். குறைத்துச் சொன்னால் சும்மா நிற்கும்போதே கழன்று விழுவீர்கள். கூட்டிச் சொன்னால் கழலவே கழலாது, முட்டிதான் கழலும். முகவாய்க்கட்டை உயரத்துக்கு மேல் போகாத, மென்மையான ஸ்கீ கேளுங்கள். எடையை மனைவி தள்ளி நிற்கும்போது கடைக்காரர் காதில் சொல்லுங்கள்.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். குல்மார்க்கில் ஸ்கீ பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போதைய ஸ்கீ எல்லாம் பாதுகாப்பானதுதானா? தூக்கமே வருவதில்லை.
*- ஒரு தாய், கண்ணமங்கலம்*

அம்மா, உங்கள் மகன் போயிருப்பது நல்ல இடத்துக்கு. உயர்மலைப் போர்ப் பள்ளி அங்கே 1948 முதல் இருக்கிறது. 1978-இல் சியாச்சினுக்கு வழி கண்ட கர்னல் நரேந்திர குமார் அப்போது அந்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர். பனியில் எப்படிப் போவது என்பதோடு, எப்போது போகக்கூடாது என்பதையும் சொல்லித் தருகிற பள்ளி.

கால் விஷயத்தில் கருவிகள் நிஜமாகவே முன்னேறியிருக்கின்றன. 1970-களுக்குப் பிறகு வந்த பைண்டிங்குகளால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. முட்டியின் தசைநார் கிழிவது மட்டும் இன்னும் கட்டுக்குள் வரவில்லை.

பனிச்சரிவு வேறு. அதற்கு எந்தப் புது ஸ்கீயும் பதில் இல்லை. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் அது கிளம்பும். அதைக் கணிக்கப் பழக்குகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் உடம்பில் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் சின்னக் கருவியைக் கட்டிக்கொள்வார்கள். புதைந்தவரை அதை வைத்துத் தேடித் தோண்டுவது கூட இருப்பவர்கள்தான். முதல் கால் மணி நேரம்தான் உயிர். மலை இறங்கி வந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு வ.உ.சி. நகரில் விழுந்து ஏழு பேர் போனார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அடுத்தமுறை மகன் போன் பண்ணினால் "சாப்பிட்டியா" என்று கேட்டபிறகு "கருவியை ஆன் பண்ணிட்டுதானே போற" என்றும் கேளுங்கள். கேட்டால் சிரிப்பான். கேளுங்கள்.

இதில் இந்தியர் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?
*- கலசபாக்கம் வாசகர்*

1964-இல் இன்ஸ்ப்ரூக் போன ஜெரிமி புஜகோவ்ஸ்கிதான் நம் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர். 2018-இல் துருக்கியில் நடந்த சர்வதேசப் போட்டியில் மணாலிப் பெண் ஆஞ்சல் தாக்கூர் வெண்கலம் வாங்கினார். 2022 பெய்ஜிங்கில் இந்திய அணி என்றால் ஒரே ஒரு வீரர்: காஷ்மீரின் ஆரிஃப் கான். குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருப்பவரின் மகன். ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம். பாதிப்பேர் ஓட்டத்தை முடிக்காத பந்தயத்தில் அது என்ன மதிப்பு என்று கிரிக்கெட்டில் எட்டாவது ஆட்டக்காரனின் ஜாதகம் வரை தெரிந்தவர்களுக்குப் புரியவைக்க என்னிடம் தாள் இல்லை.

கடைசியாக, ஸ்கீ வாங்கலாமா?
*- இன்னொரு செங்கம் வாசகர்*

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பலகையின் மேல் சின்ன எழுத்தில் முன், நடு, பின் என்று மூன்று அகலமும், வட்டத்தின் ஆரமும் அச்சிட்டிருக்கும். அந்த நான்கு எண்ணைப் படித்தால் போதும். மற்றதெல்லாம் விளம்பரம்.

அடுத்த மாதக் கேள்விகள் 10-ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும். இனி ஸ்கீ வேண்டாம். முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றி யாராவது கேளுங்களேன்.